பசுவுக்கும் காற்றோட்டம் வேண்டும்

ஊரிலுள்ள பெற்றோருக்குக் கறவை மாடு வாங்கப் பணம் அனுப்பும் அன்பர்கள் நம்மில் பலர். கொட்டகைக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சித்தூர் மாவட்டத்தில், குப்பத்தை அடுத்த எங்கள் சாந்திபுரத்தில் கலப்பினப் பசுக்கள் ஏராளம். குளிர்நாட்டு ஹோல்ஸ்டீன் இனம் கலந்தவை. வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினாலே அவற்றுக்குத் தொல்லைதான். ரயில்வேயில் பாலங்களைப் பராமரித்த நானே, ஓய்வுபெற்றபின் தாழ்வான சிமெண்ட் தகட்டுக் கொட்டகை போட்டு ஏமாந்தேன். சித்திரை வெயிலில் பசு வாய் திறந்து இளைத்தது. தீனி குறைந்தது, பாலும் குறைந்தது.

பிறகு கூரையை ஓரத்தில் 8 அடி, நடுவில் 12 அடியாக உயர்த்தி, மேலே தென்னங்கீற்று பரப்பினேன். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் அதிகம் உள்ளே வராது. கோமியம் வடிய, தரைக்கு 40 அங்குலத்துக்கு 1 அங்குலம் சரிவு கொடுத்தேன். வழுக்காமலிருக்கக் கோடு கீறி, ரப்பர் விரிப்பும் போட்டேன். பசு நாளில் ஏறக்குறைய பாதி நேரம் படுத்திருக்கும். ஈரத்தில் படுத்தால் மடிநோய் வரும். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கட்டும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனால், நண்பகலில் பத்து நிமிடம் கொட்டகைக்குள் நின்று பாருங்கள். உங்களுக்குப் புழுங்கினால், வாயில்லா ஜீவனுக்கு அதைவிட அதிகமாகப் புழுங்கும்.