கண் இமைக்கும் நேரக் காந்தத்துக்கு வண்டிச் சக்கரத்தின் பாடம்

சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரும்பு வளையத்தை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, மரச் சக்கரத்தின்மேல் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு குளிர்ந்து சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உலகின் மிகச் சக்தி வாய்ந்த ஆராய்ச்சிக் காந்தங்கள் வெடித்துச் சிதறாமல் நிற்பதற்கும் இப்படி இறுக்கிப் பிடிக்கும் கட்டுதான் காரணம்.

சுருளைப் பிளக்கும் சக்தி

கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகிறது. அந்தக் காந்த சக்தியே கம்பியை வெளிப்புறமாகத் தள்ளவும் செய்கிறது. ஆஸ்பத்திரிகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவிகள் பலவற்றின் வலிமை 1.5 டெஸ்லா. அங்கே இந்த அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 9 மடங்கு. காந்தம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 100 டெஸ்லாவில் அது சுமார் 40,000 மடங்கு! உலகின் மிக ஆழமான கடலடியில்கூட சுமார் 1,100 மடங்குதான். வெறும் செம்பு இதைத் தாங்காது; சூட்டில் உருகியும் போகும். ஆகவே மின்சாரத்தை நொடியின் சிறு பங்குக்கு மட்டுமே பாய்ச்சுகிறார்கள்.

வெடித்ததும் லாபமே

இந்த வழியைக் காட்டியவர்களில் முதன்மையானவர் ரஷ்ய விஞ்ஞானி பீட்டர் கபிட்சா. 1920-களில் கேம்பிரிட்ஜில், நூறில் ஒரு பங்கு நொடிக்கு 30 டெஸ்லாவுக்கும் மேல் அவர் எட்டினார். மின்சாரம் தரும் இயந்திரத்தின் அதிர்ச்சி தரை வழியே வந்து சேருமுன் சோதனை முடிந்துவிட வேண்டுமென்று, சுருளை 20 மீட்டர் தள்ளி வைத்தார். ஒருமுறை சுருள் வெடித்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. எங்கே பலவீனம் என்று தெரிந்ததை லாபமாகவே கொண்டார். 1978-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுக்குக்கு அடுக்கு கட்டு

வெளியே ஒரே கனத்த உறை போட்டால் போதாது; உள்ளடுக்குகள் முதலில் நசுங்கிவிடும். ஆகவே ஒவ்வோர் அடுக்கின் மேலும் சைலான் என்ற உறுதியான செயற்கை இழையைச் சுற்றுகிறார்கள். அந்தந்த அடுக்கின் பாரத்தை அந்தந்தக் கட்டே சுமக்கிறது. கம்பியிலும் செம்போடு நியோபியம் சேர்க்கிறார்கள். சுருளைத் திரவ நைட்ரஜனில் குளிர்விக்கிறார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் கூடம் 2012 மார்ச்சில் சுருள் சேதமின்றி 100 டெஸ்லாவைத் தாண்டியது. மின்தடையின்றி மின்சாரம் கடத்தும் பொருள்களின் இயல்பை அறிய இத்தகைய காந்தங்கள் உதவுகின்றன.

சக்தியைத் துடிப்புகளாக விடும் முறை நம் பகுதிக்குப் புதிதல்ல. காதங்கியில் 1990-களில் அமைந்த வளிமண்டல ராடார் உச்சத்தில் 25 லட்சம் வாட் சக்தியை அப்படித்தான் அனுப்பியது. திருப்பதியில் 2015 முதல் ஐ.ஐ.டி.யும் இயங்குகிறது. பௌதிகம் படிக்கும் பிள்ளையும், உலோகமும் இழையும் அறிந்த பிள்ளையும் கை கோத்தால்தான் இந்தக் காந்தம் உருவாகும். சக்கரத்துக்குப் பட்டை போட்ட கொல்லனும் தச்சனும் செய்தது அதைத்தானே!