துணியில் எழுதிய இராமாயணம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுக்குச் செல்லும் தோட்டப்புற நண்பர்கள், கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தைக் கண்டபின், ஆற்றங்கரையிலுள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்திற்கும் சென்று வரலாம். இந்திய ஏற்றுமதித் துணிகளுக்கென்றே 2011இல் அங்கு ஒரு கண்காட்சி தொடங்கிற்று.

அத்தகைய துணிகளுள் பல, சோழமண்டலக் கரையில் கையால் எழுதப்பட்டவை. துணியைக் கடுக்காய்ச் சாறு கலந்த எருமைப்பாலில் தோய்த்து உலர்த்துவர். (நாம் அறிந்த மரத்துப் பால் அன்று!) பாலின் கொழுப்பு, மை பரவாமல் தடுக்கும். பின்னர் மூங்கிற் குச்சியால் கோடு வரைவர். கருமைக்கு இரும்பும் வெல்லமும் ஊறிய நீர். சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும். படிகாரம் பட்ட இடத்தில் மட்டுமே செந்நிறம் பற்றும்.

இலங்கைப் போரைத் தீட்டிய துணிகள் கப்பலேறிச் சுலாவெசித் தீவை அடைந்தன. அங்குத் தொராஜா மக்கள் அவற்றைச் சடங்குத் துணிகளாகத் தலைமுறைதோறும் காத்தனர். பிறந்த மண்ணிலோ, கோயில் துணி கந்தலானால் புதியது வரும், பழையது போய்விடும். எனினும் கைத்தொழில் அழியவில்லை. கருப்பூர்க் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது.

நம் தோட்டத்துக் கோயிலிலோ பாட்டியின் பெட்டியிலோ பழைய ஓவியத் துணி இருப்பின், துவைக்க வேண்டா. மடிக்காமல் உருளையில் சுற்றி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைப்போம்.