ஆவாரம்பூவைச் சோதிக்க ஈப்போவைவிடப் பொருத்தமான இடம் எது?

ஈப்போ லிட்டில் இந்தியாவின் நாட்டு மருந்துக் கடையில் இனிப்புநீருக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வெந்தயத்தோடும் பாகற்காய்ப் பொடியோடும் ஆவாரம்பூப் பொட்டலம் ஒன்றும் மேசைக்கு வரும். மஞ்சள் மங்கி, காம்பும் மொட்டும் கலந்த காய்ந்த பூ. ஒரு கைப்பிடி அள்ளித் தண்ணீரில் போட்டு, பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டு, வடிகட்டிக் காலையில் குடிப்பார்கள். தமிழ்நாட்டில் சாலையோரம் பூத்துக் கிடக்கும் செடி, இங்கே கப்பலேறி வரும் சரக்கு.

ஈப்போ இருக்கும் பேராக்கில் பால்மரக் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டன. சுங்கை சிப்புட், தாப்பா பக்கத்து லயத்துக் குடும்பங்கள் டவுனுக்கு நகர்ந்தன. விடியலில் மரத்துக்கு மரம் நடந்த உடம்பு இன்று லாரி ஓட்டுகிறது, தொழிற்சாலையில் நிற்கிறது. சோறும் டின்பால் தேநீரும் மட்டும் குறையவில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களில் 31.4 விழுக்காடு. அப்படிப்பட்ட சமூகம் ஒரு பூவை நம்பிக் குடிக்கிறது என்றால், அந்தப் பூவை அறிவியல் பொருட்படுத்தியே ஆக வேண்டும்.

ஓரளவு பொருட்படுத்தியும் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எல். பாரி, எம். லதா இருவரின் ஆய்வு 2002இல் சிங்கப்பூர் மருத்துவ இதழில் வந்தது. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற ரசாயனத்தை ஏற்றினால் எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழியும், சர்க்கரை ஏறும். அந்த எலிகளுக்கு ஆவாரம்பூவின் நீர்ச்சாற்றை 30 நாள் கொடுத்தார்கள். சர்க்கரையும் இறங்கியது, கொழுப்பும் இறங்கியது. 2004இல் இலங்கைச் செடிகளைச் சோதித்த ஜப்பானிய ஆய்வு இன்னொரு தடயம் தந்தது. குடலில் உணவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை ஆவாரை தடுக்கிறது. இனிப்புநீருக்குக் கொடுக்கும் அக்கார்போஸ் மாத்திரை செய்யும் வேலையும் அதுதான்.

ஆனால் அளவு? எலிகளுக்குத் தந்த உச்ச அளவு கிலோ எடைக்கு 0.45 கிராம் சாறு. எலிக்கான அளவை மனிதருக்கு மாற்ற ஏறத்தாழ 6.2ஆல் வகுப்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு 4 கிராமுக்குச் சற்று மேல் வரும். அது பூவின் எடையல்ல, நீர் வற்றியபின் மிஞ்சும் சாற்றின் எடை. நம் வீடுகளில் கைப்பிடியும் மாறும், கொதிக்கும் நேரமும் மாறும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குறைந்தது என்பதை வைத்து நாம் எதையும் முடிவு செய்ய முடியாது.

நாசி கெராபு சோற்றுக்கு நீலம் தரும் சங்குப்பூ இந்த விஷயத்தில் ஒரு படி முன்னே நிற்கிறது. பேங்காக் சுலாலோங்கோர்ன் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 15 ஆரோக்கியமான ஆண்கள் 50 கிராம் சர்க்கரை கரைத்த நீரைத் தனியாகவும் சங்குப்பூச் சாறு கலந்தும் வெவ்வேறு நாட்களில் குடித்தார்கள். சாறு கலந்தபோது இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் தணிந்தது. சின்ன ஆய்வுதான், நோயாளிகள் யாரும் அதில் இல்லை. ஆனாலும் சாற்றின் அளவும் தெரியும், ஒப்பீடும் உண்டு.

இனிப்புநீருக்குக் கிளினிக்கில் வாங்கும் மெட்ஃபோர்மின் மாத்திரைக்கும் பூர்வீகம் ஒரு பூச்செடிதான். காலேகா என்ற ஐரோப்பிய மூலிகையில் இருந்த ரசாயனத்தைத் தொடர்ந்து போன தேடலில் பிறந்தது அது. 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் நோயாளிகளிடம் அதன் பலனைக் காட்டினார். ‘மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்’ என்று சொல்லி அதை நிறுத்திவிட்டுப் பூவை மட்டும் குடிப்பவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. மாத்திரையோடு பூவையும் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் வாய்ப்பும் உண்டு. வியர்வை, நடுக்கம், மயக்கம் வந்தால் அதை நினைவில் வையுங்கள். குடிப்பவர்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள்; ‘அம்மா, வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால் பொட்டலத்தையே எடுத்துக் காட்டுங்கள்.

ஆவாரம்பூவை மனிதரிடம் இங்கேயே சோதிக்கலாம். ஈப்போவில் கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் ராயல் பேராக் மருத்துவக் கல்லூரியும் அதன் பார்மசி துறையும் இருக்கின்றன. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரே தரத்தில் காய்ச்சிய ஆவாரம்பூச் சாறு ஒரு குழுவுக்கு, அதே நிறத்தில் வெறும் பானம் மறு குழுவுக்கு. இரு குழுவுக்கும் மாத்திரை தொடரட்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். ஈரலும் கிட்னியும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். நம் சுகாதார கிளினிக்குகளில் எச்பிஏ1சி ஏற்கெனவே எடுக்கிறார்கள், நோயாளிகளின் பழைய கணக்கும் அங்கேயே இருக்கிறது.