கம்பித் தையலும் கவர்செட்டும்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட், செம்மோர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் ஒரு மோட்டார்சைக்கிள் யாருடையது என்று சொல்ல எண் பலகை தேவைப்படவில்லை. காலை மறைக்கும் முன்கவரே போதும். ஒன்றில் செம்புக் கம்பித் தையல், இன்னொன்றில் டியூப் வார்க் கட்டு, மூன்றாவதில் பாதிக் கவரே இருக்காது. லயத்து வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்தே யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அவற்றில் பெரும்பாலானவை ஹோண்டா கப் குடும்பத்து வண்டிகள். மலேசியாவில் எல்லார் வாயிலும் காப்சாய். 1958இல் ஜப்பானில் சூப்பர் கப் வெளிவந்தபோதே அதன் முன் மட்கார்டும் கால் கவரும் பாலிஎதிலீன். உடம்பு மட்டும் இரும்புத் தகடு. பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அந்த வண்டியை இங்கே கொண்டுவந்தார். தோளில் கம்பு போட்டு இருபுறமும் ரப்பர்ப் பால்வாளி சுமந்த பால்வெட்டுக்காரர்கள் சைக்கிளுக்கு மாறினார்கள்; பிறகு மோட்டாரின் இருபக்கமும் பால்தோம்பு தொங்கியது. நிரைகளுக்கு நடுவே வேர், சேறு, கால்வாய்க்குக் குறுக்கே ஒற்றைப் பலகை. சரிந்து விழுந்தால் முதலில் உடைவது முன்கவர்தான்.

புதிது வாங்க ஈப்போவுக்குப் போக வேண்டும். ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால் வைத்தியம் வீட்டிலேயே நடந்தது. ஆணியைப் பழுக்கக் காய்ச்சி விரிசலின் இரு கரையிலும் துளை போட்டு, கம்பியை மாற்றி மாற்றிக் கோத்து முறுக்குவார்கள். கைத்திறன் கூடியவர் பழைய கவரிலிருந்து ஒரு துண்டு வெட்டி, சூடேற்றிய திருப்புளியால் உருக்கி இழைப்பார். பாலிஎதிலீனில் பசை பிடிக்காது, சூட்டுக்குத்தான் இணங்கும் என்பதைப் புத்தகம் பார்த்தா தெரிந்துகொண்டார்கள்? தெறித்து விழுந்த ரப்பர்ப் பால்கூட அதன்மேல் ஒட்டாமல், காய்ந்தபின் தோலாக உரிந்து வரும்.

1980களின் பிற்பாதியில் ஹோண்டாவின் ஈஎக்ஸ்5 வந்தது. தகடு பின்வாங்க, விளக்கிலிருந்து வால்வரை பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டது. இன்று முழுக் கவர்செட்டே ஒரு பெட்டியில் கிடைக்கிறது. கடைக்கும் போக வேண்டியதில்லை; ஷோப்பி இணையக் கடையில் தட்டினால் தாமான் எனும் குடியிருப்பில் உள்ள வீட்டு வாசலுக்கு வருகிறது. போனாலும் பேச்சு நீளாது.

“அண்ணே, ஒரி, அசல் கவர் இருக்கா?”

“ஒரின்னா ஆர்டர் போடணும் தம்பி. இது வேணும்னா இப்பவே மாட்டிக்கலாம்.”

மாட்டிவிட்டால் இருபது வருட வண்டி நேற்று வாங்கியதுபோல் நிற்கிறது. அதேபோல் இன்னும் பத்து வண்டி பக்கத்தில் நிற்கிறது.

கரடுமுரடுக்கென்றே பிறந்த ஸ்க்ராம்ப்ளர்களின் கதை சற்று வேறு. அவையும் 1960கள்வரை தகர, அலுமினிய மட்கார்டோடுதான் ஓடின; வளைந்தால் தட்டி நிமிர்த்த வேண்டும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பந்தய வீரர் பிரெஸ்டன் பெட்டி உடையாத பிளாஸ்டிக் மட்கார்டு விற்றார். 1973இல் இத்தாலியில் அச்செர்பிஸ் நிறுவனம் தொடங்கியது. மாற்றுக் கவர்கள் தனித் தொழிலே ஆயின. இன்று பேராக்கில் ஓடும் கேஎல்எக்ஸ் போன்ற வண்டிகளின் மட்கார்டு பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன். நன்றாக வளைத்தாலும் திரும்பிவிடும். மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும், அதையும் சூட்டுக்காற்று காட்டினால் பெருமளவு மறைத்துவிடலாம். சாலை வண்டிகளில் மிகுதியாக வரும் ஏபிஎஸ் அப்படியல்ல, சட்டென்று விரிசல் விடும். ஆனால் அசிட்டோனில் கரைந்து தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். எது எதுவென்று கவரின் உட்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். திருப்பிப் பார்ப்பவர் குறைவு. புதிதே மலிவாக இருக்கும்போது எதற்குப் பார்க்க வேண்டும்?

நிலமும் கவர் மாற்றிக்கொண்டது. 1960இல் மலேசியாவில் செம்பனை ஏறத்தாழ 54,000 ஹெக்டேர். இன்று 5 மில்லியனுக்கும் மேல். 1980 வாக்கில் 2 மில்லியன் ஹெக்டேர் அளவுக்கு நின்ற ரப்பர் இன்று ஏறக்குறையப் பாதி. லயத்துக் குடும்பங்கள் தாமான்களுக்கும் ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களுக்கும் நகர்ந்தன. பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குலை வெட்டும் செம்பனைக் காட்டில், வேலைக்கு ஓடும் காப்சாய்களில் பல மொட்டை வண்டிகள்: கவரைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினும் சட்டமும் பட்டன் டயருமாக ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை அதே செம்மண் பாதையில் பளபளக்கும் ஸ்க்ராம்ப்ளர்கள் வருகின்றன. ஓட்டுபவர்களில் அந்தத் தோட்டத்துப் பால்வெட்டுக்காரரின் பேரனும் இருக்கலாம். தாத்தா தவிர்க்க நினைத்த சேற்றைப் பேரன் தேடி வருகிறான். அதை நான் முன்னேற்றம் என்றே எண்ணுகிறேன். விழுந்தால் உடைவது கவர்தான், அன்றைய சம்பளம் அல்ல.

பழைய ஹோண்டா சி70 காப்சாய்களைப் புதுப்பித்துச் சேர்ப்பவர்கள் இப்போது அசல் முன்கவருக்கு நல்ல விலை கொடுக்கிறார்கள். கம்பித் தையல் போட்டதை அவர்கள் விரும்புவதில்லை, விரிசலே காணாதது வேண்டும். தோட்டத்தில் ஓடிய மோட்டாரில் அப்படியொன்று கிடைப்பது அரிது.