வெட்டுக்கல்லுக்குள் வாழும் கெளுத்தி

கோட்டயம், திருச்சூர் பக்கத்து வீடுகளில் கிணறு இறைக்கும்போது, வாளிக்குள் எப்போதாவது சிவப்பாக ஏதோ நெளியும். சில வீடுகளில் மோட்டார் இழுத்து, மாடித் தொட்டி வழியாகக் குழாயிலேயே வந்து விழும். புழு என்று நினைத்து வெளியே கொட்டிவிடுவார்கள். உண்மையில் அது கண்ணே இல்லாத ஒரு கெளுத்தி மீன்.

கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த இந்த மீனை 1950-இல் முதன்முதலில் விவரித்தவர் ஏ.ஜி.கே. மேனன். மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோராவின் நினைவாக இந்தப் பேரினத்துக்கு ஹோராகிளானிஸ் என்று பெயரிட்டார். உலகில் கேரளத்தைத் தவிர வேறெங்கும் இது இல்லை; அங்கும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேதான். நீளம் மூன்று, நான்கு சென்டிமீட்டர். தோலில் நிறமியே இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தம் வெளியே தெரிகிறது. அந்தச் சிவப்பு அதனால்தான். இருட்டில் வழிகாட்ட மீசை இழைகள் இருக்கின்றன. மார்புத் துடுப்போ பெயரளவுக்குத்தான்.

கேரளத்தில் வீடு கட்ட அறுத்தெடுக்கிறார்களே, அந்தச் சிவந்த வெட்டுக்கல்தான் இதன் உலகம். அங்காடிப்புறத்தில் பார்த்த இந்தக் கல்லுக்குத்தான் பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் வெளியான தன் நூலில் 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். தேனடைபோல் துளைகள் நிறைந்த பாறை. மழைநீர் அதற்குள் இறங்கித் தங்குகிறது. அந்த நீரில்தான் மீன் பிறந்து, வளர்ந்து, மடிகிறது. நாம் கிணறு தோண்டியதால் மட்டுமே அது நம் கண்ணில் படுகிறது.

பாறைக்குள் வலை வீச முடியாது. ஆராய்ச்சியாளர்களுக்கு இருந்த ஒரே வழி, கிணறு வைத்திருப்பவர்கள்தான். ஆறு ஆண்டுகள் மக்கள் எடுத்துக் கொடுத்த மீன்களையும் அனுப்பிய தகவல்களையும் வைத்து, 2023-இல் இப்பேரினத்தின் நான்காவது இனத்தை அறிவித்தார்கள். உதவிய மக்களைப் போற்றி அதற்கு 'பாப்புலை' என்று பெயர். பார்வைக்கு மற்ற இனங்களிலிருந்து வேறுபாடே தெரியாது; டி.என்.ஏ.தான் காட்டிக்கொடுத்தது. 2012-இல் இரிஞ்ஞாலக்குடாவிலிருந்து விவரிக்கப்பட்ட இனம், நம் ராமேசுவரத்து அப்துல் கலாமின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வெட்டுக்கல்லை அறுத்துக்கொண்டே போனால், நிலத்தடி நீரை வற்ற இறைத்தால், இந்த மீனுக்குப் போக வேறு இடம் கிடையாது. கேரளத்தில் உறவினர் வீட்டுக் கிணற்றிலோ குழாயிலோ சிவப்பாக ஒன்று நெளிந்தால், கொட்டிவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து, ஊர், தேதியோடு அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறைக்கு அனுப்புங்கள்.