தண்ணீர் சுடாத சலவை இயந்திரம்: திருத்துபவரை அழைக்க முன் நாம் பார்க்கக்கூடியவை

அண்மையில் வடமராட்சியில் ஒரு சகோதரியின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். 2009இல் கணவரை இழந்தவர். விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகளையும் துவாய்களையும் துவைத்துக் கொடுத்து மகளைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். கடன் எடுத்து வாங்கிய பழைய சலவை இயந்திரம்தான் அவருடைய முதல்.

அன்று அவருடைய முகம் வாடியிருந்தது. "தங்கச்சி, மெசின் சுத்துது, ஆனா தண்ணி சுடுதில்லை. துவாயில கறை நிக்குதெண்டு திருப்பி அனுப்பிப் போட்டினம்" என்றார். பார்க்க வந்தவர் 'போர்ட்' பழுது, அதை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அவருடைய இரண்டு மாத உழைப்பு அந்தத் தொகை.

சகோதரிகளே, இயந்திரம் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்று நாமே நினைப்பதால்தான் பல இடங்களில் ஏமாறுகிறோம். மூடியைக் கழற்றாமலே நாம் அறியக்கூடியவை பல உண்டு.

முதலில், உங்கள் இயந்திரத்தில் ஹீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள். மேற்பக்கம் திறக்கும் இயந்திரங்கள் பலவற்றில் அது இல்லை. முன்பக்கம் கண்ணாடிக் கதவுள்ளவற்றில் பொதுவாக உண்டு. அடுத்து, வெப்பநிலைத் தெரிவைப் பாருங்கள். 'குளிர்' என்ற இடத்தில் இருந்தால் ஹீற்றர் வேலை செய்யாது.

60 பாகையில் வைத்து ஓடவிட்டு, 20 நிமிடத்தின் பின் கதவின் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிய வேண்டும். மற்ற மின்சாரப் பொருட்களை நிறுத்திவிட்டு மின்மானியையும் கவனியுங்கள். ஹீற்றர் வேலை செய்தால் தட்டு வேகமாகச் சுழலும்; புதிய மானியில் சிறு விளக்கு விரைவாக மின்னும். கண்ணாடியும் குளிர்ந்து, மானியும் மெதுவாகவே ஓடினால், ஹீற்றருக்கு மின்சாரம் போகவில்லை அல்லது ஹீற்றர் அறுந்துவிட்டது.

சூடாகிறது, ஆனால் நெடுநேரம் எடுக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் நம் தண்ணீர்தான். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல். கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ஹீற்றரிலும் படிகிறது. நாளடைவில் ஹீற்றர் எரிந்தும் போகலாம். மாதம் ஒருமுறை உடுப்புப் போடாமல், 100 கிராம் சிற்றிக் அமிலம் இட்டு 60 பாகையில் ஓடவிட்டால் படிவு கரையும். குளோரின் கலந்த வெண்மையாக்கியை அதனுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும்.

சூடாகத் தொடங்கும்போது 'ட்ரிப்' சுவிட்ச் விழுகிறதா? ஹீற்றரிலிருந்து மின் கசியக்கூடும். சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் போடாமல் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். 2000 வாற் ஹீற்றர் ஏறத்தாழ 9 அம்பியர் மின்சாரத்தை இழுக்கும். ஆகவே 5 அம்பியர் பிளக்கில் இதைப் பாவிப்பது ஆபத்து; எர்த் உள்ள 13 அம்பியர் பிளக் வேண்டும். உள்ளே கழற்றிப் பார்ப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

அவர் வந்ததும் பக்கத்தில் நின்று கேளுங்கள்: "ஹீற்றரை மீற்றரால் அளந்தீர்களா?" 2000 வாற் ஹீற்றர் நல்லதாக இருந்தால் ஏறத்தாழ 26 ஓம் காட்டும். அறுந்திருந்தால் மீற்றரில் இணைப்பே காட்டாது. ஹீற்றர், அதற்குப் போகும் வயர், வெப்பத்தை உணரும் சிறு பாகம் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே போர்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். கூலியையும் பாகத்தின் விலையையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அந்தச் சகோதரி இன்னொருவரை அழைத்து இதே கேள்வியைக் கேட்டார். அளந்து பார்த்தபோது ஹீற்றர்தான் அறுந்திருந்தது. அதை மட்டும் மாற்றினார்கள். முதலில் கேட்ட தொகையில் சிறு பங்குதான் செலவானது. திருத்தும்வரை அவர் தொழிலையும் நிறுத்தவில்லை. கறைத் துவாய்களை வாளியில் சுடுதண்ணீரில் ஊறவைத்து, பின் இயந்திரத்தில் குளிர் நீரில் துவைத்தார்.

கழற்றிய ஹீற்றரை எனக்குக் காட்டினார். அதில் விரல் தடிப்பில் சுண்ணாம்பு. "இனி மாசம் ஒருக்கா நானே கழுவுவன்" என்றார். கேட்கத் தெரிந்துகொள்வதும் நம் உழைப்பைக் காப்பாற்றும் வழிதான்.