செயலியும் தாய்ப்பலகையும்

வீட்டுக் கணினி சற்றே பழையதானால், அதனைக் கழித்துவிட்டுப் புதியதொன்று வாங்குவதே வழி என எண்ணுவோர் பலர். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றதனால், இவ்வெண்ணம் மேலும் பரவியுள்ளது. விண்டோஸ் 11, சிற்சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல் நிறுவனத்தின் 8ஆம் தலைமுறைச் செயலியையோ, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 2000 வரிசையையோ, அவற்றுக்குப் பிந்தியவற்றையோ வேண்டுகின்றது. ஆயினும், பெட்டியும் மின்வழங்கியும் நினைவகமும் நன்னிலையில் இருப்பின், முழுக் கணினியையும் மாற்ற வேண்டுவதில்லை.

கணினியில் கணக்கிடும் உறுப்பு செயலி. அதனையும் ஏனைய உறுப்புகளையும் தாங்கி இணைப்பது தாய்ப்பலகை. கடைகளில் இதனை மதர்போர்டு என்பர். பலகையில் செயலி பொருந்தும் இடம் சாக்கெட் எனப்படும். செயலியின் வேகத்தை ஆராயுமுன் இச்சாக்கெட்டை அறிதல் வேண்டும். அதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம்.

2017இல் இருவர் கணினி வாங்கினர் எனக் கொள்வோம். ஒருவர் இன்டெல் 7ஆம் தலைமுறைச் செயலியைப் பெற்றார். அதன் சாக்கெட்டில் 1151 தொடுமுனைகள் உண்டு. அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த 8ஆம் தலைமுறைக்கும் அதே 1151 தொடுமுனைகள்தாம். எண் ஒன்றாயினும் மின்னிணைப்பு முறை வேறாதலின், புதிய செயலி பழைய பலகையில் இயங்காது. அவர் பலகையையும் மாற்றியாக வேண்டும்.

மற்றவர் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் கொண்ட பி350 பலகையையும் ரைசன் 1000 வரிசைச் செயலியையும் வாங்கினார். 2020இல் வெளிவந்த ரைசன் 5000 வரிசையும் அச்சாக்கெட்டிற்கே உரியது. பழைய பலகைகளும் அதனை ஏற்க 2022இல் வழி செய்யப்பட்டது. ஆதலின், பலகையைத் தயாரித்த நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்றிருப்பின், அவர் ரைசன் 5 5600 போன்ற ஆறு கருச் செயலியை மட்டும் வாங்கினாற் போதும்.

பலகையை மாற்றுவோரும் நினைவகத்தைக் காத்துக்கொள்ளலாம். ஏ.எம்.4 பலகைகள் டி.டி.ஆர்.4 நினைவகத்தையே ஏற்பன. இன்டெலின் எல்.ஜி.ஏ.1700 பலகைகளில் டி.டி.ஆர்.4க்கு உரியனவும் உள, டி.டி.ஆர்.5க்கு உரியனவும் உள. ஏ.எம்.5 பலகைகளோ டி.டி.ஆர்.5ஐ மட்டுமே ஏற்பன. 2025இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை பெரிதும் ஏறியதனால், கையிலுள்ளதைப் போற்றுதல் அறிவுடைமையாகும்.

இன்னும் இரண்டு கருதத்தக்கன. பழைய பலகையில் புதிய செயலியைப் பொருத்துமுன், பயாஸ் எனப்படும் அடிப்படை நிரலைப் புதுப்பித்தல் வேண்டும். அதனைப் பழைய செயலி இருக்கும்போதே செய்துவிடுதல் நன்று. அடுத்து, ரைசன் 5 5600க்கும், பெயரின் இறுதியில் எஃப் எழுத்துடைய இன்டெல் செயலிகளுக்கும் திரையில் படங்காட்டும் பகுதி இல்லை. தனி வரைகலை அட்டை இல்லாதார் இவற்றை வாங்கின், கணினி இயங்கியும் திரை இருண்டே கிடக்கும். அன்னார்க்கு 5600ஜி போன்றவை ஏற்றவை.

ஆழமறிந்து காலை விடு என்பது பழமொழி. பலகையின் பெயர், சாக்கெட், நினைவக வகை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வோர், விற்பவரின் சொல்லை மட்டும் நம்பிப் பொருளிழக்க நேராது.